வீட்டில் பின்னும் பரிசுகள்

ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நம்மவர் குடும்பங்களுக்கு ஆண்டில் நாலைந்து முறையேனும் வந்து சேரும் கவலை ஒன்றுண்டு. திருநெல்வேலியில் அண்ணன் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. கும்பகோணத்தில் சித்தப்பாவுக்கு எண்பது வயது நிறைகிறது. நாகர்கோவிலில் பழைய தோழியின் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. நாம் இருப்பதோ தில்லியிலோ, நாகபுரியிலோ, கொல்கத்தாவிலோ. நேரில் போய்வர விடுப்புக் கிட்டாது. என்ன அனுப்புவது? கடையில் ஒரு பொருளை வாங்கி அனுப்பலாம்; பணமாகவே அனுப்பிவிடலாம். இரண்டும் தவறாமல் போய்ச் சேரும். ஆயினும் அனுப்பிய பின்னரும் மனத்தில் ஏதோ ஒரு குறை நிற்கிறது.

அந்தக் குறை யாது என்று சிறிது எண்ணிப் பார்ப்போம். உறவினர் வீட்டு விசேஷத்தில் நாம் உண்மையில் கொடுக்க விரும்புவது நம்முடைய பொழுதை. அங்கே இருந்தால் முன்னிரவெல்லாம் விழித்துப் பூத்தொடுத்திருப்போம். பந்தலில் ஓடியாடி வேலை செய்திருப்போம். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு சமைத்திருப்போம். தொலைவு நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது அந்தப் பொழுதைத்தான். கையால் தைத்தோ பின்னியோ அனுப்பும் ஒரு சிறு பரிசு அதனை மீட்டுத் தருகிறது. பத்து மாலைப்பொழுதுகள் ஒரு குழந்தைக் குல்லாயாக மடிந்து அஞ்சலில் ஊருக்குப் போகின்றன. வாங்குகிறவர் அதனைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அறிந்துகொள்கிறார்.

இதனை வேலையற்ற பெண்களின் பொழுதுபோக்கு என்று கருதுவோர் உண்டு. அக்கருத்து எவ்வளவு பிழையானது என்பதை நம்முடைய தென்கோடியிலேயே காணலாம். கேரள மாநிலத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த அதியன்னூர், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களையும், அவற்றை அடுத்துத் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் பழைய தென் திருவிதாங்கூர்ப் பகுதியையும் மனத்தில் கொள்வோம். ஊசிக்கும் நூலுக்கும் அங்கே இரு நூற்றாண்டு வரலாறு உண்டு. அது வெறும் அழகுக் கலையின் வரலாறு அன்று.

இவ்வூர்களின் நிலை பிறமாநிலங்களில் வாழும் நமக்கு நன்கு விளங்கக்கூடியது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. நாமெல்லாம் பிழைப்பைத் தேடி எல்லையைக் கடந்து வந்தவர்கள். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களோ இருந்த வீட்டில் இருந்தபடியே பிறமாநிலத்தவர் ஆயினர். அக்காள் வீடு களியக்காவிளைக்கு அப்பால், தங்கை வீடு இப்பால் என்று ஒரே குடும்பம் இரு மாநிலங்களில் வாழ்வது அங்கே இயல்பு. இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் பண்டங்களும் பரிசுகளும் போய்வந்த வண்ணம் இருக்கின்றன.

மொழியும் அவ்வாறே போய்வருகிறது. தையலுக்குப் பழந்தமிழில் துன்னம் என்று பெயர். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துத் தொழிலாளரை எண்ணிச் சொல்லும் இடத்தில் துன்னகாரரும் இடம்பெறுகின்றனர். இன்று தமிழ்நாட்டுத் தெருக்களில் அச்சொல் கேட்பதில்லை. ஆனால் மலையாளத்தில் தையலைத் துன்னல் என்றும், தைப்பவரைத் துன்னல்காரன் என்றும் இப்போதும் வழங்குகின்றனர். நாம் மறந்துவிட்ட சொல்லை அண்டை வீட்டார் பத்திரமாக வைத்திருக்கின்றனர் என்றே கொள்ள வேண்டும். எல்லையோரத்து வீடுகளில் தையல், துன்னல் என்ற இரு சொற்களும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுகின்றன.

தைப்பதற்குத் துணி வேண்டுமல்லவா? அதுவும் அருகிலேயே கிடைக்கிறது. அதியன்னூருக்கு வடமேற்கே, திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில், பாலராமபுரம் இருக்கிறது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மாவின் பெயரால் அமைந்த ஊர் அது. அவர் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குல நெசவாளர்கள் அங்கே வரவழைக்கப்பட்டுக் குடியமர்த்தப்பட்டனர். குழித்தறியில் நெய்யும் பாலராமபுரத்து வெண்ணிறப் பருத்தித் துணியும், அதன் கசவுக் கரையும் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள்களாகும். ஓணத்திற்குப் புத்தாடை வழங்கும் வழக்கத்தை மலையாளிகள் ஓணக்கோடி என்பர். கோடி என்னும் சொல் நம்முடையதும்தான். துணியைப் பரிசாகத் தருவது இந்நிலத்தின் தொன்மையான மரபு. பொருநராற்றுப்படையில் கரிகாலன் தன்னை நாடி வந்த கலைஞனின் ஒட்டுத் தையல் போட்ட கந்தலைக் களையச் செய்து, மெல்லிய புத்தாடை அளித்தே தன் விருந்தோம்பலைத் தொடங்குகிறான்.

ஆனால் துணியை எல்லோரும் உடுத்த முடியாத காலமும் இந்நாட்டில் இருந்தது. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்கள் தோளையும் மார்பையும் மூடி ஆடை அணிவதற்கு வழக்கமும் சட்டமும் தடையாக நின்றன. 1814-இல் கிறித்தவ சமயம் தழுவிய பெண்கள் குப்பாயம் என்னும் தைத்த மேற்சட்டையை அணியலாம் என்று அனுமதி வழங்கப்பட்டது. மேற்சீலை அணியும் உரிமை மட்டும் மறுக்கப்பட்டே வந்தது. தோள்சீலைப் போராட்டம் எனப்படும் நெடிய போராட்டம் அதன் பொருட்டு எழுந்தது. 1859-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று வெளியான அரசுப் பிரகடனம் நாடார் குலப் பெண்கள் மேனியை மூடிக்கொள்ளலாம் என்று ஏற்றது. அப்போதும், உயர்குலப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்ற நிபந்தனை விடவில்லை. ஏனைய குலத்தார் பலர் அதற்குப் பின்னும் காத்திருக்க நேர்ந்தது. ஒரு சட்டைக்குக் கை தைப்பது, கழுத்து வெட்டுவது என்பன இன்று நமக்கு எளிய வீட்டுவேலை. அன்று அவை ஒரு பெண்ணின் மானத்தைக் காக்கும் செயல்களாக இருந்தன.

இச்சூழலில்தான் லேசுப் பின்னல் அங்கே வந்தது. மெல்லிய நூலை மட்டுமே கொண்டு, அடியில் துணி இல்லாமலே, பூவும் கொடியுமாகப் பின்னி எடுக்கும் கரையை லேசு என்கிறோம். ஈழத் தமிழர் இதனை ரேந்தை என்பர். போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல் அது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் என்பவரும் அவருடைய மனைவி மார்த்தா மால்ட்டும் 1819-ஆம் ஆண்டு இறுதியில் நாகர்கோவிலுக்கு வந்தனர். அடுத்த சில ஆண்டுகளுக்குள் அங்கிருந்த பெண்கள் விடுதிப் பள்ளியில் மார்த்தா அம்மையார் லேசுப் பின்னல் கற்பிக்கத் தொடங்கினார். வடக்கே பாறசாலை வரையில் பரவிய மிஷன் நிலையங்களைச் சார்ந்த குடும்பங்களிடையே, எழுத்தும் ஊசியும் பெண்களுக்கு ஒரே பள்ளியில் கிடைத்தன.

அப்பள்ளியில் பயின்ற பெண்களுள் அடிமைக் குடும்பங்களில் பிறந்தவர்களும் இருந்தனர். அன்றைய திருவிதாங்கூரில் மனிதர்கள் நிலத்தோடு சேர்த்தும், நிலத்திலிருந்து பிரித்தும் விற்கப்பட்டனர். 1855-ஆம் ஆண்டுப் பிரகடனத்தினால்தான் அடிமை முறை அங்கே சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன்னரே, லேசு பின்னி ஈட்டிய காசைச் சேர்த்து வைத்துத் தம்முடைய விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கிய பெண்கள் இருந்தனர் என்று மிஷன் வரலாறுகள் குறிப்பிடுகின்றன. நூலால் ஆன ஒரு முழக் கரைக்கு ஒரு மனித உயிரின் உரிமையில் ஒரு துளி விலையாக இருந்தது என்பதை எண்ணும்போது, ஊசி வேலையைப் பற்றி அலட்சியமாகப் பேச நமக்கு வாய் வராது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் பெறும் பொருள் ஒன்று உண்டு. அடிமையாக இருப்பவள் யாருக்கும் பரிசு கொடுக்க முடியாது. அவள் கை செய்வதெல்லாம் இன்னொருவருக்குச் சொந்தம்; அவளுடைய பகலும் இரவும் இன்னொருவருக்குச் சொந்தம். தன் பொழுது தன்னுடையது என்று சொல்லக்கூடிய நிலை வந்த பிறகே, அதில் ஒரு பங்கைப் பிறருக்கு விரும்பிக் கொடுத்தல் கூடும். ஆகவே, வீட்டில் ஓய்வாக உட்கார்ந்து நம் மனத்திற்கு உகந்தவர்க்கு ஒரு கைக்குட்டை தைப்பது சுதந்திர மனிதர்க்கே உரிய இன்பம். கைவேலைப் பரிசின் பெருமை முதன்மையாக இதில்தான் இருக்கிறது. அழகும் சிக்கனமும் இதற்கு அடுத்தவை.

லேசு எவ்வாறு பின்னப்படுகிறது என்பதையும் அறிந்துகொள்ளுதல் நன்று. கெட்டியாக அடைத்த தலையணை ஒன்றின்மேல், சித்திரப்படி துளையிட்ட அட்டையைப் பொருத்துவர். நூல்களைச் சிறு குச்சிகளில் சுற்றித் தொங்கவிடுவர். குச்சிகள் எப்போதும் இணை இணையாகவே இயங்கும். ஒரு நூலை மற்றொன்றின் மேலாகக் கொண்டுபோதல், இணையிலுள்ள இரு நூல்களையும் முறுக்குதல் என அடிப்படை அசைவுகள் இரண்டே. நூல்கள் கூடும் இடத்தில் அட்டைத் துளையில் குண்டூசி குத்தி நிறுத்துவர். பின்னல் முன்னேற முன்னேற, பின்னாலுள்ள குண்டூசிகளை எடுத்து முன்னே குத்துவர். ஊசி நீங்கிய பிறகும் பூ கலைவதில்லை. நூல்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டன. குச்சிகளின் எண்ணிக்கை கூடுந்தோறும் வேலைப்பாடு நுணுக்கமாகும். அகலமான கரை ஒன்றைச் சில அங்குலம் பின்னுவதற்கே ஒரு பகல் சென்றுவிடும்.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட ராபர்ட் கால்டுவெல்லை 1844-இல் மணந்து, திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குச் சென்றார். அம்மணல் தேரி ஊரிலும் அவர் பெண்களுக்கு லேசுப் பின்னல் கற்பித்தார். தாயிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து மற்றோர் ஊருக்கும் கலை இவ்வாறு போயிற்று. அதே நூற்றாண்டின் நடுவில், அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் நேர்ந்தபோது, கொக்கி முனையுடைய ஒற்றை ஊசியால் பின்னும் குரோஷே லேசு அங்கே பல குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது. ஏழைப் பெண்ணின் கையில் ஊசி ஒரு முதலாகும் என்பதை உலகம் பல இடங்களில் கண்டிருக்கிறது.

எனினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. அதனை மறைத்துப் பேசுவது முறையாகாது. ஆந்திரத்தில் கோதாவரி முகத்துவாரத்தை அடுத்த நரசாபுரத்திலும் மிஷன் வழியாகவே லேசு வேலை வந்தது. பிற்காலத்தில் அது பெரிய ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். நாள்தோறும் பல மணிநேரம் உழைத்த அப்பெண்களை ‘ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னும் இல்லத்தரசிகள்’ என்று கருதியதனாலேயே அவர்களுக்குக் கிடைத்த கூலி மிகச் சொற்பமாக இருந்தது என்றும், இலாபம் வணிகர்களுக்கே சென்றது என்றும் அவர் எடுத்துக்காட்டினார். ‘பொழுதுபோக்கு’ என்னும் சொல் இங்கே ஒரு திரையாகப் பயன்பட்டது. அதே ஊசி, அதே நூல், அதே விரல்கள். பொழுது தன்னுடையதாக இருக்கும்போது இன்பமாக இருப்பது, பொழுது பிறருடையதாகும்போது சுமையாகிறது.

ஆதலால் கைவேலையின் இன்பத்தை அறிந்தவர்கள் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ளுதல் வேண்டும். சந்தையில் கையால் பின்னிய பொருளைப் பேரம் பேசும்போது, அதில் எத்தனை நாள் அடங்கியிருக்கிறது என்பது பின்னத் தெரிந்த நமக்குத்தான் தெரியும்; எனவே விலையை அடித்துப் பேசுவது பிறரைவிட நமக்கே அதிகம் கூசவேண்டும். மற்றொன்று வீட்டுக்குள் இருக்கிறது. ‘சும்மாதானே இருக்கிறாய், நம் அலுவலகத்து நண்பர் குழந்தைக்கும் ஒரு சட்டை பின்னிக் கொடேன்’ என்று கட்டளையிட்டு வாங்குவது பரிசு ஆகாது. அது கூலியில்லா வேலை. பின்னுகிறவரின் விருப்பத்திலிருந்து பிறப்பதே பரிசு.

ஊசி பெண்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணமும் இத்தோடு நீங்குவது நலம். தென்னாப்பிரிக்கச் சிறையில் இருந்தபோது காந்தியடிகள் தம் கையால் செருப்புத் தைத்தார். தம்மைச் சிறையிட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்கு, 1914-இல் அந்நாட்டை விட்டுப் புறப்படும் காலத்தில், தாம் செய்த செருப்பு இணை ஒன்றைப் பரிசாக அளித்தார். ஸ்மட்ஸ் அதனைப் பல ஆண்டுகள் வைத்திருந்து, அடிகளின் எழுபதாம் பிறந்தநாளை ஒட்டி 1939-இல் திருப்பி அனுப்பினார். 1947 நவம்பரில் இங்கிலாந்து இளவரசி எலிசபெத்தின் திருமணத்திற்குத் தம்மிடம் கொடுப்பதற்குப் பொருள் ஏதும் இல்லை என்ற நிலையில், காந்தியடிகள் தாமே நூற்ற நூலைக் கொண்டு ஒரு விரிப்பைப் பின்னச் செய்து அனுப்பினார். நடுவில் ‘ஜெய் ஹிந்த்’ என்னும் எழுத்துகள் அமைந்த பருத்தி லேசு அது. வந்து குவிந்த வைரங்களுக்கும் வெள்ளிப் பாத்திரங்களுக்கும் இடையே அந்நூல் விரிப்பும் இருந்தது. கொடுத்தவரின் பொழுது அதில் இருந்தது.

இனி, நாம் வாழும் ஊர்களில் இக்கலை நமக்கு என்ன இன்பம் தருகிறது என்று காண்போம். வடநாட்டில் குடியேறிய தமிழ்ப் பெண்கள் பலர் கம்பளிப் பின்னலை அண்டை வீட்டாரிடமே கற்றனர். தென்கோடியிலிருந்து சென்றவர்க்குக் கம்பளி என்பதே புதிது. குளிர்கால நண்பகலில் மொட்டைமாடி வெயிலில் உட்கார்ந்து, பஞ்சாபிப் பெண்மணி ஒருவர் விரல்பிடித்துக் காட்ட, பின்னல் ஊசிக்குச் சலாயி, கண்ணிக்குப் ஃபந்தா, நேர்க்கண்ணிக்குச் சீதா, மறுகண்ணிக்கு உல்டா என்று இந்திச் சொற்களும் கூடவே வந்து சேர்ந்தன. பள்ளிப் புத்தகத்தில் புகாத மொழி விரல் வழியே எளிதாகப் புகுந்தது. 1962-இல் சீனப் போர் மூண்டபோது, இமயமலைக் குளிரில் நின்ற வீரர்களுக்காக நாடெங்கும் பெண்கள் கம்பளிச் சட்டை பின்னி அனுப்பினர். முகமறியாத ஒருவருக்குப் பின்னிய பரிசுகள் அவை.

கம்பளிப் பின்னலின் இயல்பு வியக்கத்தக்கது. நெசவில் ஊடும் பாவுமாக இரு திசை நூல்கள் குறுக்கிட்டு நிற்கும். பின்னலிலோ ஒரே நூல் வளையத்துக்குள் வளையமாக நுழைந்து செல்கிறது. வளையங்கள் இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். அதனால்தான் பின்னிய சட்டை வளரும் குழந்தையின் உடம்புக்கு இசைந்து கொடுக்கிறது. அது மட்டுமன்று, பிழை நேர்ந்தால் நூலை இழுத்துப் பிரித்துவிட்டு மீண்டும் பின்னலாம். வாழ்க்கையில் பல காரியங்களுக்கு இவ்வசதி இல்லை. மூத்த பிள்ளைக்குச் சிறுத்துப்போன சட்டையைப் பிரித்து, நூலை அலசி உலர்த்தி, இளைய பிள்ளைக்கு வேறு சட்டையாகப் பின்னிக் கொடுக்கும் வழக்கத்தைப் பல வீடுகளில் காணலாம். கண்ணிகளை எண்ணிக்கொண்டே செல்லும் மனம் வேறு கவலைகளை எண்ண மறந்துவிடுகிறது. கைக்கு வேலை உண்டு. காதுக்கு வேலை இல்லை. ஆகையால் வானொலி கேட்பதற்குப் பின்னலைப்போல் நல்ல துணை வேறில்லை. ஒரு கச்சேரி முடிவதற்குள் நாலு விரற்கடை வளர்ந்திருக்கும்.

புதிதாகத் தொடங்குவோர்க்குச் சில குறிப்புகள் பயன்படும். முதற் பரிசாகக் கைக்குட்டை மிகவும் ஏற்றது. மெல்லிய கைத்தறிப் பருத்தியை வாங்கி, வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை நீரில் நனைத்து உலர்த்தி இஸ்திரி செய்துகொள்ள வேண்டும்; பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும் இயல்புடையது. ஒரு சாணுக்குச் சற்று மிகுதியான சதுரமாக வெட்டி, ஓரத்தை இருமுறை மடித்து, மேற்பக்கம் தெரியாதபடி சிறு தையலாகத் தைக்கலாம். வெட்டும்போது துணியிலிருந்து ஓர் இழையை உருவி எடுத்துவிட்டு, அந்தத் தடத்தின் வழியே கத்தரித்தால் கோடு நேராக அமையும். மூலையில் பெறுபவரின் பெயரின் முதல் எழுத்தைச் சங்கிலித் தையலில் போடலாம். நம் தமிழ் எழுத்துகளின் வளைவுகள் சங்கிலித் தையலுக்கென்றே அமைந்தவைபோல் இசைகின்றன. வெளிமாநிலத்தில் பிறந்த நம் பிள்ளைகள், தம் பெயரின் முதல் எழுத்தைத் தமிழில் தைத்துப் பார்க்கும்போது அதனை எளிதில் மறவார்.

அடுத்துக் குழந்தைக் குல்லாயும் காலுறையும் பின்னலாம். எதைப் பின்னுவதாயினும் முதலில் ஒரு சிறு சதுரத்தை மாதிரியாகப் பின்னி அளந்து பார்ப்பது அறிவுடைமை. ஒவ்வொருவர் கையும் ஒவ்வோர் இறுக்கம் உடையது. புத்தகத்துக் கணக்கு நம் கைக்குப் பொருந்தாமற் போகலாம். மாதிரியில் 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணிகள் வந்தால், 30 சென்டிமீட்டர் அகலத்திற்கு 60 கண்ணிகள் போடவேண்டும் என்பது தெளிவு. பெறுபவர் வாழும் ஊரின் பருவத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தில்லிக் குளிரில் இருந்துகொண்டு நாகர்கோவில் குழந்தைக்குத் தடித்த கம்பளி பின்னி அனுப்பினால், அது பெட்டியிலேயே தூங்கும். அங்கே பருத்தி நூலே ஏற்றது. சிசுக்களின் உடையில் எளிதில் அறுந்து விழும் பொத்தானும் நீண்ட நாடாவும் கூடா. அவை வாய்க்குள்ளும் கழுத்திலும் போய் ஆபத்து விளைவிக்கக்கூடும். கம்பளி உடையை முறுக்கிப் பிழியாமல், வெதுவெதுப்பான நீரில் மெல்ல அலசி, கொடியில் தொங்கவிடாமல் துண்டின்மேல் பரப்பி உலர்த்த வேண்டும் என்ற குறிப்பை ஒரு சீட்டில் எழுதிப் பரிசோடு வைத்துவிடுவது நன்று. தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தால் வளையங்கள் நீண்டு உருக்குலையும்.

பழைய புடவைகளையும் மறத்தலாகாது. வங்காளத்தில் பல மடிப்பாக அடுக்கிய பழஞ்சேலைகளின்மேல் ஓட்டுத் தையல் போட்டுக் காந்தா என்னும் போர்வை செய்வர். பாட்டியின் மெத்தென்ற பழம்புடவையைக் கொண்டு பேரனுக்கு இத்தகைய விரிப்பு ஒன்று தைத்தால், அதனைவிடச் சிறந்த தொட்டில் துணி இல்லை. கொல்கத்தாவில் உள்ளவர்கள் இதனைப் பக்கத்து வீட்டிலேயே கற்கலாம். நாம் வாழும் மாநிலத்தின் தையலை நம் சொந்த ஊருக்கு அனுப்புவதும் ஒரு நயமான பரிசுதான். ‘நாங்கள் இங்கே அந்நியராக இல்லை, அக்கம்பக்கத்தாரோடு கலந்து வாழ்கிறோம்’ என்று சொல்லாமற் சொல்லும் கடிதம் அது.

தையல் சற்றுக் கோணலாகிவிட்டதே என்று பலர் கூச்சப்படுவதுண்டு. அக்கூச்சம் வேண்டுவதில்லை. பொறி தைத்த துணியில் எல்லாத் தையலும் ஒன்றுபோல் இருக்கும்; யார் தைத்தார் என்று சொல்ல இயலாது. கையால் தைத்ததில், இந்த இடத்தில் நூல் தீர்ந்து புதிதாகக் கோத்தாள், இந்த இடத்தில் விளக்கு மங்கியிருந்தது, இந்த வரிசை அவசரத்தில் நடந்தது என்பதெல்லாம் கண்டுகொள்ளலாம். ஊரிலிருக்கும் தாய்க்கு மகளின் கையெழுத்தைப் படிப்பது போன்றது அது.

நாகர்கோவில் பள்ளியில் தலையணையை மடிமேல் வைத்துக் குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்ட அந்தப் பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் நமக்குக் கிட்டவில்லை. அவர்கள் பின்னிய கரைகள் அந்நியர் மேசைகளுக்கும் உடைகளுக்கும் போய்விட்டன. தாமே தமக்கு உரியவர் ஆவதற்காக அவர்கள் ஒவ்வொரு முழமாகப் பின்னினர். நமக்கு அந்த விலை கொடுக்கவேண்டிய நிலை இல்லை. மாலையில் வேலைகள் முடிந்தபின் ஒரு மணிநேரம் நம்முடையதாகக் கிடைக்கிறது. அந்த ஒரு மணிநேரத்தை நூலில் கோத்து, தொலைவிலிருக்கும் ஒருவருக்கு அனுப்பலாம். அடுத்த முறை ஊரிலிருந்து குழந்தை பிறந்த செய்தி வரும்போது, கடைத்தெருவுக்குப் புறப்படுமுன், வீட்டில் ஊசியும் நூலும் இருக்கின்றனவா என்று ஒரு முறை பார்ப்போமாக.